உயரம் சரியில்லாத பிஸ்டன்

அக்காவின் டிராக்டர் நீலப் புகை கக்கத் தொடங்கியபோது எண்ணெய்க்கான செம்பனைக் குலைகள் பழுத்துக் கிடந்தன. பத்து காவான் வட்டாரத்தில் தொழிற்சாலை இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையை விட்ட பிறகு, அதற்கு அப்பால் கம்பம் என்று நாங்கள் சொல்லும் ஒரு கிராமத்தில் சிறிய செம்பனை நிலம் வாங்கியிருந்தாள். நிலத்தோடு வந்ததுதான் அந்த டிராக்டர். நான் கடலுக்கு இந்தப் பக்கம், தீவில், ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். பட்டணத்தில் கணக்கு வேலை. இஞ்சின் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், சாவியைத் திருப்பினால் கார் ஓடும் என்பது மட்டுந்தான்.

அக்காவே இஞ்சினைப் பிரித்தாள். மூன்று சிலிண்டர்களிலும் தேய்மானம். ஒன்றில் சுவரே கீறிப்போயிருந்தது. பழைய பிஸ்டனின் தலையைத் துடைத்தபோது கரிக்கு அடியில் ஓர் எண் தெரிந்தது. சிலிண்டரை முன்பே யாரோ கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போட்டிருக்கிறார்கள் என்றாள். இனி அதைவிடப் பெரிய அளவு வேண்டும். சிலிண்டர் கடையும் பட்டறைக்காரர், பிஸ்டனை முதலில் கொண்டுவரச் சொன்னார். அதை அளந்துதான் கடைவாராம்.

பிஸ்டன் தேடும் வேலை என் தலையில் விழுந்தது. பட்டணத்தில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய டீசல் இஞ்சின் சாமான்கள் விற்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய பெட்டியை இறக்கிவைத்தார்.

"அளவு சரி, ரிங்கும் சரி. ஆனா இந்த இஞ்சின்ல ரெண்டு மூணு மாடல் இருக்கு தம்பி. ஒண்ணு மட்டும் எடுத்துட்டுப் போய் பழசோட வச்சுப் பாருங்க. சேரலன்னா திருப்பிக் கொண்டாங்க."

அன்றே கடல் பாலம் தாண்டி அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு இரண்டு பிஸ்டன்களையும் தலைகீழாக நிறுத்தினாள். பக்கவாட்டுத் துளைகளில் அதனதன் இரும்புப் பின்னைச் செருகிவிட்டு, குனிந்து பார்த்தாள்.

"நீயே பாரு."

பார்த்தேன். புதிய பிஸ்டனின் பின் பழையதைவிடக் கொஞ்சம் தாழ்ந்து நின்றது. அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு தீக்குச்சிக் கனம்கூட இராது.

"இது ஒரு விஷயமாக்கா? அளவு சரியா இருக்கே. போட்டுடலாம்லா."

"பின்னுக்கு மேல இது குட்டை. மேல வரைக்கும் ஏறாது. காத்தை நல்லா அழுத்தினாத்தான் டீசல் பத்தும். காலையில ஸ்டார்ட் பண்ணவே உயிர் போயிடும்."

எனக்கு எரிச்சல் வந்தது. மழையில் குலை ஏற்ற வரும் லோரி உள்ளே வர முடியாமல், குலைகளை அவள் தள்ளுவண்டியில் ஏற்றிச் சேற்றில் இழுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முழங்கால் வீங்கியிருந்ததை நான் வந்தவுடனேயே பார்த்துவிட்டேன்.

"இன்னும் எத்தனை வாரம் இப்படி இழுக்கப் போற? இந்தப் பழைய இரும்பை வித்துத் தொலை."

அவள் குரலை உயர்த்தவில்லை. "உனக்கு இது இரும்பு. நடுக்காட்டுல நின்னுபோனா எறங்கி நடக்கறது நான்தானே."

அவள் சோறு போட்டாள். சாப்பிட்டுவிட்டு, புதிய பிஸ்டனைத் திருப்பிக் கொடுக்க எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் அவளே தொலைபேசியில் அழைத்தாள். பட்டறைக்காரரிடம் மறுபடி பேசினாளாம். கீறல் விழுந்த சிலிண்டரை இன்னும் பெரிதாகக் கடைந்தால் சுவர் தாங்குமா என்பது அவருக்கும் சந்தேகம். அதனால் மூன்றுக்கும் உள்ளே புதுக் குழாய் இறக்கி, இஞ்சின் முதலில் வந்தபோது இருந்த அளவுக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

"சாதா அளவு பிஸ்டன்னா கிடைக்கறதும் சுலபம். இஞ்சின் நம்பர் அனுப்பறேன். அதைக் காட்டியே கேளு."

எண்ணைப் பார்த்ததும் கடைக்காரர் தலையசைத்தார். அவரிடம் இல்லை. ஈப்போவில் உள்ள தெரிந்த கடையிலிருந்து வரவழைத்தார். தாமதமாகத்தான் வந்தது. அதற்குள் பல குலைகள் மரத்தடியிலேயே உதிர்ந்து வீணாயின. நான் விடுமுறை எடுத்துக்கொண்டு போய் என்னால் முடிந்ததைத் தள்ளுவண்டியில் இழுத்தேன். இரண்டே நாளில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. அக்கா தைலம் தேய்த்துவிட்டாள்.

பிஸ்டன்கள் வந்ததும் மறுபடி அதே மேசை. இந்தத் தடவை பின்கள் ஒரே மட்டத்தில் நின்றன. தலையில் இருந்த குழியின் ஆழமும் ஒத்துப்போனது. மாவு நிறுக்கும் தராசில் மூன்றையும் வைத்துப் பார்த்தாள். எடையில் பெரிய வேறுபாடு இல்லை. "சரி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோனாள்.

இஞ்சினை மூட்டிய அன்று சாவியைத் திருப்பியது அவள்தான். முதலில் இஞ்சின் முக்கி முனகியது. பிறகு பிடித்துக்கொண்டது. வெள்ளையாகக் கொஞ்சம் புகை வந்து, மெல்லத் தெளிந்தது. அக்கா இஞ்சின் மேல் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றாள். அவளுடைய தோள்கள் இறங்கியதைப் பார்த்தபோதுதான், இத்தனை நாளும் அவளும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள் என்பது எனக்கு உறைத்தது.

"புது ரிங் சிலிண்டர்ல படியணும், இன்னைக்கு பாரம் ஏத்த வேணாம்," என்றாள். வெறும் டிரெய்லரோடு வரப்பு வரைக்கும் மெதுவாக ஓட்டிப் போய்த் திரும்பி வந்தாள்.