ஹேச்சரிக்கு ஃபயர்வால் வைத்த நாள்

வேலை பார்த்த கம்பெனியை விட்டு வெளியே வந்து, நெட்வொர்க் வேலைகளைத் தனியாக எடுத்துச் செய்ய ஆரம்பித்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹேச்சரி. முட்டைகளை மெஷினில் அடை வைத்து, குஞ்சு பொரித்து, பண்ணைகளுக்கு அனுப்புகிற இடம். அங்கே ஆபீஸில் யாரோ வந்த மெயிலைத் திறக்கப்போய், பில் ஃபைல்கள் எல்லாம் பூட்டிக்கொண்டுவிட்டன. தனியாக ஒரு காப்பி எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தார்கள். அதற்குப் பிறகுதான், இன்டர்நெட் வழியாகக் கண்டதும் உள்ளே வராமல் தடுக்கிற ஃபயர்வால் பெட்டி ஒன்றை வைக்கச் சொல்லி முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

கோயமுத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் காலையிலேயே போய்விட்டேன். கேட்டில் வாட்ச்மேன் டயர்களுக்கு மருந்து அடித்தார். பிறகு பக்கத்து ரூமைக் காட்டி, "குளிச்சுப்போட்டு, அங்க வெச்சிருக்கற துணிய மாத்திக்கிட்டு உள்ள போங்க அம்மணி" என்றார். வெளியிலிருந்து கோழிநோய் எதுவும் உள்ளே வந்துவிடக் கூடாதாம். முதலாளியே ஆனாலும் குளிக்காமல் போக முடியாது. லேப்டாப்பையும் ஃபயர்வால் பெட்டியையும் வாங்கி ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் கொடுத்தார்கள். ஈரத் தலையோடு, தொளதொளவென்ற நீலப் பேண்ட் சட்டையில் ஆபீஸில் போய் நின்றேன். அப்போதுதான், பெட்டியை முதல் தடவை லேப்டாப்போடு சேர்க்கிற கேபிள் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலேயே கிடப்பது ஞாபகம் வந்தது. வெளியே போய் எடுத்துக்கொண்டு வந்தேன். மறுபடியும் குளியல். வாட்ச்மேன் சிரிப்பை அடக்கிக்கொண்டு துண்டை நீட்டினார்.

முதலாளிக்கு ஐம்பது வயதிருக்கும். வியாபாரம், வெளிவேலை எல்லாம் அவர். உள்ளே முட்டை வருவதிலிருந்து குஞ்சு வண்டி ஏறுவது வரைக்கும் அவருடைய மனைவி. இரண்டு பேரும் என்னைப் போலவே நீல உடையில் இருந்தார்கள்.

முதல் பாதி வேலை சுலபமாகத்தான் போனது. இன்டர்நெட் மோடத்திலிருந்து வருகிற கேபிளை ஃபயர்வாலுக்குக் கொடுத்தேன். அதிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு வழி, முட்டை மெஷின்களுக்குத் தனியாக இன்னொரு வழி. ஆபீஸில் மறுபடியும் ஏதாவது வைரஸ் வந்தாலும் மெஷின் பக்கம் எட்டிப்பார்க்கக் கூடாது என்பதுதான் என் திட்டம். கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக நெட்டுக்கு வந்தன. கொண்டுவந்து வைத்த டீயை எடுக்கப் போனபோது, முதலாளியின் மனைவியான அந்த அம்மா, "ஏனுங்க, டெம்பரேச்சர் காணமுங்களே" என்றார்.

சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவியில் எல்லா மெஷின்களின் சூடும் ஈரப்பதமும் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அதில் இப்போது வெறும் கோடுகள்தான் தெரிந்தன. மெஷின் கம்பெனிக்குப் போன் போட்டார்கள். அங்கிருந்த ஆள் யோசிக்கவே இல்லை. "புதுசா வெச்சத எடுத்துருங்க, சரியாயிரும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

முதலாளி என்னிடம் திரும்பினார். "எடுத்துப்போடுங்க அம்மணி. குஞ்செல்லாம் செத்துப்போனதுக்கப்புறம் இந்தப் பெட்டிய வெச்சு நாங்க என்ன பண்றதுங்க?"

அவர் கேட்டதில் தப்பில்லை. என் கையும் கேபிளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. எடுத்தால் நொடியில் டிவி வந்துவிடும், நானும் திட்டு வாங்காமல் வீடு போய்ச் சேரலாம். ஆனால் எடுத்தால் எடுத்ததுதான். திரும்ப வைக்க அவர் விடமாட்டார்.

"மெஷினு நின்னுபோச்சுங்களா, இல்ல நமக்குத் தெரியாம மட்டும் இருக்குதுங்களா?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"மெஷினு பாட்டுக்கு ஓடுமுங்க. பாக்கத்தான் முடியாது."

"அப்ப மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க. அதுக்குள்ள வரலீன்னா நானே கழட்டிப்போட்டுப் பழையபடி மாட்டித் தாரேன்."

முதலாளி வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா ஆட்களை அனுப்பிவிட்டார். மெஷினுக்கு ஒருவராக நின்று, முகப்பில் தெரிகிற சூட்டை வாக்கிடாக்கியில் சொல்ல வேண்டும். அடுத்த நிமிடமே குரல்கள் வர ஆரம்பித்தன.

லேப்டாப்பிலிருந்து எவ்வளவு தட்டியும் மெஷின்கள் பதில் சொல்லவில்லை. நேரில்தான் பார்க்க வேண்டும். மெஷின் ஹாலுக்குள் போவதற்கு இன்னொரு குளியல், இன்னொரு உடை. நான் தயங்காமல் பாத்ரூமுக்குப் போவதைப் பார்த்து முதலாளிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போல. "சளி புடிச்சுக்காதுங்களா?" என்றார்.

ஹாலில் கதவைத் திறந்ததும் முகத்தில் வெக்கை அடித்தது. ஆளுயர மெஷின்களுக்குள் தட்டுத் தட்டாக முட்டைகள் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. ஒரு மெஷினின் சின்னத் திரையில், அங்கே நின்றவரைச் செட்டிங்ஸைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்தேன். கோளாறு அங்கேதான் இருந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் ஃபயர்வாலைக் கேட்டு நெட்வொர்க் முகவரியை வாங்கிக்கொள்கிறவை. இந்த மெஷின்களுக்கோ, பொருத்திய ஆள் எல்லா முகவரியையும் கையாலேயே அடித்து வைத்திருந்தார். 'வெளியே போக வேண்டுமென்றால் மோடத்திடம் போ' என்று சொல்லி வைத்திருந்ததால், அவை இன்னும் பழைய மோடத்தையே தேடிக்கொண்டிருந்தன. அதை மாற்றும் பாஸ்வேர்டு அங்கே யாருக்கும் தெரியாது.

மெஷினை மாற்ற முடியாவிட்டால் பெட்டியை மாற்றிவிடலாம். ஆபீஸுக்கு ஓடிவந்து, மெஷின் பக்கத்து வழிக்கு மட்டும் மோடத்தின் பழைய முகவரியையே ஃபயர்வாலுக்குக் கொடுத்தேன். டிவியில் எண்களைக் காட்டுகிற கம்ப்யூட்டர் ஒன்றுக்கு மட்டும் அந்தப் பக்கம் போக அனுமதி. சேவ் கொடுத்துவிட்டு டிவியைப் பார்த்தேன். முதல் எண் வந்தது, அடுத்தது வந்தது, பிறகு வரிசையாக எல்லாம். வாக்கிடாக்கியில் அந்த அம்மா, "போதுமுங்க, எல்லாரும் வேலையப் பாருங்க" என்றபோதுதான் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

டீ ஆறிப்போயிருந்தது. அதைக் குடிப்பதற்குள் முதலாளி தன் போனை நீட்டினார். "இதுல தெரிய மாட்டேங்குது."

அது தெரியாது என்பது எனக்குத் தெரியும். அவர் எங்கிருந்தாலும் போனில் பார்ப்பதற்காக, முன்னால் வந்த யாரோ மோடத்தில் ஒரு வழியைத் திறந்தே வைத்திருந்தார்கள். நான்தான் அதை அடைத்தேன்.

"திறந்து உட்டுருங்க."

"அது மட்டும் முடியாதுங்க."

அவர் முகம் மாறியது. ஆனாலும் சொன்னேன்: "கேட்டுல உங்களையே குளிக்காம உள்ள உட மாட்டேங்கறாங்க. மோடம் வழியா எந்த ஊர்க்காரன் வேணாலும் நேரா மெஷின் வரைக்கும் வந்துட்டுப் போற மாதிரி இருந்துதுங்க. வந்து சூட்ட மாத்துனா என்னங்க பண்ணுவீங்க?"

அந்த அம்மாதான் கேட்டார். "அப்ப நாங்க வெளியூரு போனா எப்படிப் பாக்கறதுங்க?"

"போன்ல ஒரு ஆப் போட்டுத் தாரேன். மொதல்ல அதுக்குப் பாஸ்வேர்டு அடிச்சு உள்ள வரணும், அப்புறந்தான் மெஷின் தெரியும். ஒரு படி அதிகமுங்க, அவ்வளவுதான்."

"இவளுக்கு அதெல்லாம் வராதுங்க" என்றார் முதலாளி.

"எம்போன்லயே மொதல்ல போடுங்க" என்று அந்த அம்மா தன் போனை என் கையில் வைத்தார். இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாவது தடவை உள்ளே போனார். முதலாளிக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நேரம் பிடித்தது.

அடுத்த வாரம் சோமனூரில் ஒரு பவர்லூம் ஆபீஸில் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் ரோட்டுக்கு ஓடி வந்தேன். அந்த அம்மாதான். அவிநாசியில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருக்கிறாராம்.

"பந்தியில உக்காந்துக்கிட்டே பாத்தனுங்க அம்மணி. எல்லாம் சரியா ஓடுது. எங்க பெரியப்பா பையனும் பக்கத்துலயே இன்னொரு ஹேச்சரி வெச்சிருக்கறாப்ல. உங்க நம்பரக் குடுத்துருக்கறனுங்க."

"சரிங்க, வாரேன்னு சொல்லுங்க" என்றேன். உள்ளே தறி ஆபீஸில் ஏணியின் மேல் கேபிள் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.