சிவப்புக் கண் ஈ

அந்தப் பாட்டிலைத் திறந்தவன் நான்தான்! உங்கள் டீச்சர் அல்ல.

பிள்ளைகளே, பழ ஈ பாடம் வரும்போதெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே சொல்வாளே... "பஞ்ச இறுக்கி அடைங்க. நான் ஒருக்கா ஒழுங்கா அடைக்காம வெளி ஈ உள்ள புகுந்துருச்சு" என்று. அது பொய். அவளுக்கே தெரியாத பொய். காரணம், அவளைப் பெற்ற நான்.

அவள் கல்லூரியில் படித்த காலம். விடுமுறைக்குச் சிலமலை வீட்டுக்கு ஒரு பாட்டிலோடு வந்தாள். உள்ளே வாழைப்பழக் கூழ், வாயில் பஞ்சு. வெள்ளைக் கண் அம்மா ஈக்களையும் சிவப்புக் கண் அப்பா ஈக்களையும் சேர்த்து வைத்து, முட்டையிட்டதும் பெரியவற்றை எடுத்துவிட்டாளாம்.

"பொறக்கப்போற பொட்டைக்கெல்லாம் செவப்புக் கண்ணு, ஆணுக்கெல்லாம் வெள்ளைக் கண்ணுப்பா. பாருங்க!"

"அதெப்பிடி ஆத்தா, ஜோசியமா?"

"கணக்குப்பா! இந்தக் கண்ணு நெறம் மகனுக்கு அம்மாகிட்டருந்து மட்டுந்தான் வரும். எறக்கை குட்டையாகுறது வேற கணக்கு. அதுல ஆணு பொண்ணு வித்தியாசமில்ல, அம்மா அப்பா ரெண்டு பேரும் குடுக்கணும்."

"அப்ப கண்ணு வெசயத்துல அப்பனுக்குச் சோலியே இல்லையா?"

"மகளுக்கு உண்டுல்ல! அந்தச் செவப்பு அப்பன் குடுத்ததுதானே."

எனக்கு எவ்வளவு சந்தோஷம்! அந்த ஈக்கள் மேல் பாசமே வந்துவிட்டது.

"தொடாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் ஒருநாள் போடிக்குப் போனாள். குஞ்சு ஈக்கள் வெளிவந்திருந்தன. கூழ் காய்ந்ததுபோல் தெரிந்தது. பச்சைப் பிள்ளைகள் பசியில் கிடக்கலாமா... போடிமெட்டிலிருந்து என் ஜீப்பில் கொண்டுவந்து தொங்கவிட்டிருந்த வாழைத்தாரில் ஒரு பழம் பிய்த்து, பஞ்சை எடுத்து, நகக்கண் அளவு உள்ளே போட்டேன். அந்தத் தாரைச் சுற்றி அதே மாதிரி சிவப்புக் கண் ஈ மொய்த்ததை யோசித்தேனா? இல்லையே!

மாலையில் லென்ஸ் வைத்துப் பார்த்தாள். பொட்டை எல்லாம் சிவப்பு. ஆண் எல்லாம் வெள்ளை... ஒன்றைத் தவிர! அதன் கண் குங்குமமாய்ச் சிவந்திருந்தது. அவள் முகம் வாடிப்போயிற்று.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? தொடாதே என்றதைத் தொட்ட வெட்கம்... அவ்வளவுதான்.

அவள் விடவில்லை. "அபூர்வமா அம்மா முட்டையில கோளாறாகி இப்பிடி ஒரு மகன் பொறக்கும்ப்பா. ஆனா அது மலடு. இது வெளியாளுன்னா புள்ளை பெறும்" என்று, அந்த ஒற்றை ஈக்கு வேறு பாட்டிலில் கன்னிப் பெண்ணாகப் பார்த்துக் கட்டிவைத்தாள்!

"மாப்ளே, எங்க மானத்தக் காப்பாத்துய்யா" என்று தினமும் அந்த ஈயிடம் வேண்டினேன். சிரியுங்கள், சிரியுங்கள்!

சில நாளில் அந்தப் பாட்டில் கூழில் புழு நெளிந்தது, மாப்பிள்ளை ஈயின் பிள்ளைகள்!

"அப்பா, வெரசா வாங்க! வெளியாளுதான்ப்பா! என் கணக்கு தப்பல!"

ஓடிப்போய் ஜீப் ஹாரனை அடித்துத் தெருவையே கூட்டினாள். நான் துண்டைச் சுழற்றிக்கொண்டு ஆடினேன். அப்படி ஒரு காலை எங்கள் வீட்டில் அதற்குமுன் விடிந்ததில்லை!

ஆடி முடித்து மூச்சு வாங்கும்போது சொன்னாள்: "தப்பு என்னோடதுதான்ப்பா. பஞ்ச நான் ஒழுங்கா அடைக்கல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"சரி விடு ஆத்தா. அடுத்த தடவ இறுக்கி அடை."

கல்லூரியிலும் தன் தப்பு என்றே சொன்னாள். இன்று உங்களிடமும் சொல்கிறாள். நீங்கள் சிரிக்கிறீர்கள். அதை வீட்டுக்கு வந்து அவள் சொல்லும்போது நானும் சேர்ந்து சிரிக்கிறேன்...

அந்த அப்பா ஈ தன் மகளுக்குச் சிவப்புக் கண்ணைக் கொடுத்தது. நான் என் மகளுக்குக் கொடுத்தது என் தப்பை. அதை எவ்வளவு சந்தோஷமாக வைத்திருக்கிறாள், பாருங்கள்!