விண்டரில் கறுத்த மருமகன்

என்ர மருமகன் வெள்ளைக்காரர். மான்செஸ்ரரில பிறந்து, வேலைக்கு ரொறன்ரோ வந்து, எங்கட மகளைக் கட்டினவர். மோர்னிங்சைட்டில எங்களோடதான் இருக்கினம். தமிழும் கொஞ்சம் பழகிட்டார்.

போன விண்டருக்கு அவர் கறுக்கத் தொடங்கினார். வெயில் இல்லாத மாதம். ஆள் வெளியில போறதுமில்லை. முகமும் கையும் மண் நிறமாப் போச்சுது.

ஒரு பிறந்தநாளில என்ர மச்சான் சொன்னான், "அத்தான், உங்கட மருமகன் சோறும் கறியும் திண்டு எங்கட நிறத்துக்கு வந்திட்டார். இனி வேட்டிதான் குறை."

எல்லாரும் சிரிச்சம். மருமகன் கையைத் திருப்பிப் பார்த்தார். "மாமா, நான் பாஸோ?" எண்டு கேட்டார்.

அவருக்குக் களைப்பும் இருந்தது. விரல் மொளி நோகுது எண்டு சட்டைப் பட்டன் பூட்ட மாட்டார். மகள்தான் பூட்டிவிடுவாள். மனுசி அதை இரத்தக் குறைவு எண்டா. முருங்கையிலை வறை, ஈரல் கறி, மேல இரும்புச்சத்துக் குளிசை. மாமியார் போட்டால் மருமகன் தின்னத்தான் வேணும். அந்தப் பழக்கத்தை அவர் நல்லாப் பிடிச்சிருந்தார்.

அந்த நேரம் மகளுக்கு வயித்தில பிள்ளை. பிள்ளைக்குச் சொல்ல வேணும் எண்டு அவர் தன்ர பரம்பரையைத் தேடினார். அயர்லாந்தில இருந்து கப்பலேறி இங்கிலாந்துக்குக் கூலி வேலைக்கு வந்த ஆக்கள். கம்ப்யூட்டரில பழைய பதிவுகளை எடுத்து எனக்கு வாசிச்சுக் காட்டுவார். அதில ஆம்பிளையள் ஒருத்தரும் கிழவராகேல்லை.

"குடிச்சுச் செத்திருப்பினம் மாமா. ஐரிஷ்காரர் எண்டால் அப்பிடித்தான் சொல்லுவினம்."

ஒரு ஞாயிறு தகப்பன்ர தமக்கையோட வீடியோவில கதைச்சார். இவர் சின்னனா இருக்கேக்கயே தகப்பன் செத்தவர். கிழவி இவரைக் கண்டதும் சிரிச்சா.

"உனக்கும் கொப்பற்ற நிறம் வந்திட்டுது. எங்கட அப்பரும் இப்பிடித்தான். கப்பலில திரிஞ்ச ஆள் எண்டு சனம் நினைக்கும்."

மருமகனும் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரேல்லை.

"அவையளுக்கு விரல் நோகுமோ எண்டு கேளும்," எண்டன்.

கேட்டார்.

"ஓம். ரெண்டு பேருக்கும். பட்டன் பூட்ட ஏலாது."

"குடியோ?" எண்டு மருமகன் கேட்டார்.

"எங்கட அப்பர் ஒரு துளி தொட்டதில்லை. ஈரல் பழுதாகித்தான் செத்தவர். சனம் நம்பேல்லை."

மனுசி குசினியில இருந்து எட்டிப் பார்த்தா. "ஈரல் கறி ஆயிட்டுது. போடட்டோ தம்பி?"

"அடுப்பை நிப்பாட்டு," எண்டன்.

டொக்டரிட்ட கூட்டிக்கொண்டு போனன். இரத்தம் எடுத்துப் பார்த்திச்சினம். உடம்பில இரும்பு கூடிப்போச்சாம். ஐரிஷ் ஆக்களுக்குப் பரம்பரையா வாற வருத்தமாம். சாப்பிடுற இரும்பு வெளியில போகாமல் ஈரலிலயும் மொளியிலயும் தோலிலயும் படியுமாம். இரத்தத்தை எடுத்து எடுத்துக் குறைக்கலாமாம். ஈரல் எவ்வளவு பழுதெண்டு ஸ்கான் பார்த்தால்தான் தெரியும்.

ஸ்கானுக்கு இன்னும் நாள் வரேல்லை. மனுசி குளிசைப் போத்தலைக் குப்பையில போட்டா. அவவை ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. சமைக்கேக்க மட்டும் இப்ப கதைக்கிறதில்லை.

மருமகன் இப்பவும் பதிவுகள் பார்க்கிறார். வாசிச்சுக் காட்டுறதில்லை. ஊரும் பேரும் அவருக்கு வேண்டாம். செத்த வயசை மட்டும் பார்க்கிறார்.

இண்டைக்குக் காலமை மகள் எழும்பேல்லை, மாதம் நெருங்கிட்டுது. அவர் சட்டையைத் திறந்தபடி என்னட்ட வந்து நிண்டார். பட்டனை நான் பூட்டிவிட்டன்.