ஜீப் வராத வாசல்

பிளம்பருக்கு ஒரு பழக்கம். அக்கம்பக்கத்தில் எங்காவது திருட்டு என்று காதில் விழுந்தால் போதும், கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு, தானே ஸ்டேஷனுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார்.

இளவயதில் தண்ணீர் மோட்டார் திருடி உள்ளே போய் வந்தவர். அதன்பின் கல்யாணம் ஆகி, ஒரு மகளும் பிறந்து, ஊரில் பாதிக் குழாய்கள் அவர் கைபட்டவை என்று ஆனபிறகும், எங்கே எது காணாமல் போனாலும் ஜீப் அவர் வாசலில்தான் வந்து நிற்கும். போன தடவை வீட்டு ஓனர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"இன்னொரு வாட்டி இங்க ஜீப் வந்து நின்னுச்சு, சாமானைத் தூக்கி வெளிய வச்சிருவேன்."

அதிலிருந்துதான் இந்தப் பழக்கம். ஸ்டேஷனில் ஏட்டுக்கு விஷயம் புரியும். "வாங்க மாப்ளே, உங்க பெஞ்சு காலியாத்தான் இருக்கு" என்பார். பொழுது சாய்ந்ததும் அனுப்பிவிடுவார்.

அன்று காலை பால் வாங்கப் போன மனைவி மூச்சிரைக்க வந்தாள். "பின்தெரு டெய்லர் வீட்டு மோட்டாரை யாரோ கழட்டிட்டாங்களாம்."

பிளம்பர் சட்டையை மாட்டினார்.

"யாரும் கூப்பிடலியே, டீயையாவது குடிச்சிட்டுப் போங்க."

"கூப்பிடணும்னா வாசலுக்குல்ல வருவாங்க."

ஸ்டேஷனில் ஏட்டு இல்லை, லீவாம். புதிதாக மாற்றலாகி வந்த இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன?"

"டெய்லர் வீட்டு மோட்டார் விஷயமா வந்தேன் சார்."

"எந்த டெய்லர்? என்ன மோட்டார்?"

டெய்லர் இன்னும் புகார் கொடுக்கவே வரவில்லை.

"எங்களுக்கே தெரியாதது உனக்கு எப்படிய்யா தெரியும்?"

"சம்சாரம் சொன்னா சார். நான் எதுவும் பண்ணல."

"எதுவும் பண்ணாதவன் எதுக்குய்யா இங்க வரான்?"

அதற்குப் பதில் இருந்தது. எங்கே ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. அதற்குள் யாரோ ஒரு கான்ஸ்டபிள் அவருடைய பழைய கேஸைச் சொல்லிவிட்டார். வீட்டைச் சோதனை போடக் கிளம்பினார்கள்.

ஜீப் தெருமுனையில் திரும்பியது.

"சார், இங்கயே நிறுத்துங்க. நான் முன்னாடி நடந்து போறேன், நீங்க பின்னாடி வாங்க."

"ஓடுறதுக்கா?" என்று டிரைவர் சிரித்தார். "எந்த வீடுய்யா?"

ஓனர் வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். குழாய் பிளம்பர் போட்டுக்கொடுத்ததுதான்.

"அந்தப் பச்சை கேட்" என்றார் பிளம்பர்.

ஜீப்பைப் பார்த்ததும் ஓனர் குழாயை மூடினார். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.