ஏழாம் காம்பராவில் இரண்டு பேர்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வயிற்றுவலிக்கும் மந்திரிக்க ஓடுவார்கள், அவர்களைக் கிண்டல் செய்தே கெட்ட பெயர் வாங்கியவன். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

நமுனுகுல பக்கம் எங்கள் தோட்டம், மண்சரிவு அபாயமுள்ள இடம். அதற்காக ஒரு அனர்த்தக் குழு அமைத்து, கையில் நல்ல ஃபோன் இருந்த ஒரே காரணத்துக்காக என்னைச் செயலாளராக்கினார்கள். எச்சரிக்கை வந்தால் நான் கோயில் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும், சனங்கள் பள்ளிக்கூடத்தில் கூடியதும் லயத்து வரிசை வீடுகளில் காம்பரா வாரியாகப் பெயர் கூப்பிட வேண்டும்.

மூன்று நாளாக விடாத மழை. நண்பகல் பன்னிரண்டு மணியிருக்கும், ஃபோன் ஒரேயடியாக அலறியது. செய்தி முதலில் சிங்களத்தில்தான் வந்தது, தமிழில் வரும்வரை யார் காத்திருப்பது, சிவப்பு எச்சரிக்கை என்று புரிந்துவிட்டது. ஒலிபெருக்கியில் கத்தினேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் மலையிலிருந்து அப்படியே பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்தார்கள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம். காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது யாராவது பிந்திவிட்டால், பாவம், பெயர் விழாமல் சம்பளம் போய்விடக்கூடாதே என்று பக்கத்தில் நிற்பவர் குரல் கொடுத்துவிடுவார். அன்றைக்கும் அதையேதான் செய்தார்கள். கூப்பிட்ட பெயருக்கெல்லாம் "இருக்கு, இருக்கு" என்று பதில் வந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தாலும் மேலே போய்க்கொண்டிருந்தேன்.

ஏழாம் காம்பரா கலாவின் வீடு. தனக்கும் மகள் ரித்திகாவுக்கும் சேர்த்து, "ரெண்டு பேரும் இருக்கோம்ண்ணே" என்றாள். மகள் காலையிலேயே பள்ளிக்கூடம் வந்தவள், இங்கேதான் எங்கேயாவது இருப்பாள் என்ற நினைப்பு அவளுக்கு.

அடுத்த பெயர் பேச்சியம்மா. அதே காம்பராவில் கலாவுக்கு முன்னால் குடியிருந்தவர், இறந்து இரண்டு வருஷமாகிறது. பழைய பட்டியலைப் பார்த்து எழுதிய என் சோம்பேறித்தனம். வாயிலிருந்து பெயர் விழுந்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பின்னால் கதவோரத்திலிருந்து பதில் வந்தது.

"நான் வந்துட்டேங்க. புள்ளைங்க ரெண்டும் காம்பராவுலயே இருக்கு."

நம்பினால் நம்புங்கள், எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம், கதவோரத்தில் மழைச்சாரல்தான். கலா மகளைக் கூப்பிட்டுப் பார்த்தாள், பதில் இல்லை. "காய்ச்சல்னு இன்டர்வெல்லுக்கே வீட்டுக்குப் போயிட்டாளே" என்றது ஒரு பிள்ளை. கலா அலறிவிட்டாள்.

நானும் பக்கத்து லயத்து மணி அண்ணனும் ஓடினோம். ரித்திகா கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள், உடம்பு கொதித்தது. "தூக்குடா, மலை சத்தம் போடுது" என்று மணி அண்ணன் வாசலில் நின்று கத்தினார். வாரித் தூக்கிக்கொண்டு படியில் இறங்கி ரோட்டுக்கு வந்தோம், பின்னால் மண் சரிந்தது. திரும்பிப் பார்த்தபோது லயத்தின் அந்தப் பாதி இல்லை.

பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கலாவிடம் கொடுத்துவிட்டுக் கேட்டேன், "இன்னொண்ணு யாரும்மா?"

"எனக்கு ஒரே புள்ளதானண்ணே" என்றாள் கலா.

மறுபடி எல்லாப் பெயரையும் கூப்பிட்டேன், இந்த முறை ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து. ஒருவரும் குறையவில்லை. மழை விட்டதும் பெக்கோ இயந்திரம் வந்து நாலு நாள் மண்ணை அள்ளியது, ஒன்றும் கிடைக்கவில்லை. பதுளையிலிருந்து வந்த அதிகாரி, காணாமல் போனவர் யாருமில்லை என்று எழுதிய தாளை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன்.

போட்டிருக்கக் கூடாதோ என்று இன்றைக்கும் பயமாக இருக்கிறது. அங்கே கூடியிருந்த யாரைக் கேட்டாலும், "ரெண்டும்"னுதான் அந்தக் குரல் சொன்னது என்கிறார்கள். நான் போனபோது காம்பராவுக்குப் பின்னால் சமைக்கிற குசினியின் கதவு சாத்தியிருந்தது. அதைத் திறந்து பார்க்காமல் ஓடிவந்துவிட்டேன்.