அமெரிக்க ராஜாக்களை நான் விற்ற கதை

அமெரிக்க மெஷின் விற்கிறவனுக்கு மெஷினைப் பற்றித் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அதைக் கண்டுபிடித்தவர் சின்ன வயதில் எவ்வளவு கஷ்டப்பட்டார் என்பது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். வீடு வீடாக ஏறி இறங்கி எதையாவது விற்றிருக்கும் அன்பர்களுக்கு இது புரியும். மற்றவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் வாசலில் நின்றுதான் நாங்கள் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருந்தோம்.

நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவன். ஏழாம் வகுப்பு இங்கிலீஷை வைத்துக்கொண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், அதே ஊரில் அமெரிக்கச் சாமான் விற்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். தையல் மெஷின், டைப்ரைட்டர், கடிகாரம், மின்விளக்கு, மோட்டார் கார் எல்லாம் அங்கே உண்டு. மேனேஜர் ஹார்லன் துரை, அமெரிக்கர். எந்த வெயிலிலும் கழுத்துப் பட்டையைத் தளர்த்தாத மனிதர். ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் எங்களை வரிசையாக உட்கார வைத்துத் தம் நாட்டுப் பெரியவர்களைப் பற்றிப் பேசுவார். மின்விளக்கு ராஜா ரயிலில் பேப்பர் விற்றவர். எஃகு ராஜா தந்தி ஆபீசில் ஓடித் திரிந்தவர். எண்ணெய் ராஜா, மோட்டார் ராஜா என்று பட்டியல் நீளும். எங்களுக்கு ராஜாவே கிடையாது என்று பெருமையடிக்கும் தேசத்தில் இத்தனை ராஜாக்கள் எப்படி முளைத்தார்கள் என்று கேட்க எங்களில் யாருக்கும் துணிச்சல் இல்லை.

முதல் சனிக்கிழமையே நான் ஒரு சந்தேகம் கேட்டேன். வாங்கின மெஷின் ஓடவில்லை என்று ஒருவர் திரும்பி வந்தால் என்ன சொல்வது?

துரை யோசிக்கவே இல்லை. "கதையை இன்னொரு தடவை சொல்."

கலைத்துப் போட்ட எழுத்து

பக்கத்து ஊரான கிள்ளானில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர் சின்னையா பிள்ளை. இங்கிலீஷ் எழுத்தை முத்து முத்தாகக் கோப்பார். அந்தக் கையெழுத்தைப் பார்த்தே மாஜிஸ்திரேட் பாதி மனுவை நம்பிவிடுவார் என்று ஊரில் பேச்சு.

டைப்ரைட்டரை அவருடைய பெட்டிமேல் வைத்தேன். அவர் 'ஏ' எழுத்தைக் கண்டுபிடித்தார். பக்கத்தில் 'பி' இல்லை. அது எங்கேயோ கீழ் வரிசையில் இருந்தது. "செஞ்சவனுக்கு ஏபிசிடி தெரியாதா தம்பி?" என்றார். துரை சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்தேன்: முதலில் வரிசையாகத்தான் இருந்தது, வேகமாக அடித்தால் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன, அதனால் எழுத்துகளைப் பிரித்து வைத்தார்கள். பிள்ளை பொடி மட்டையை மூடினார். "வேகமா அடிச்சா சிக்குதுன்னு கலைச்சுப் போட்டான். அதை வேகமா அடிக்கலாம்னு நீர் விக்கிறீர்" என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார்.

அடுத்த வருஷம் அவரே ஆள் விட்டார். வக்கீல்களெல்லாம் டைப் அடித்த தாளோடு வர ஆரம்பித்திருந்தார்கள். கையால் எழுதிய மனுவைக் கட்சிக்காரர்களே மதிப்பதில்லை. இரண்டு விரலால் ஒரு மாதம் பழகினார். பிறகு ஒரு நாள் தாம் அடித்த தாளையும் வேறொருவர் அடித்த தாளையும் அருகருகே பிடித்துக் காட்டினார். குரலில் சிரிப்பு இல்லை.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு பாருங்க தம்பி. இனிமே நானும் உண்மையைத்தான் எழுதணும்போல."

ஓட்டைக்கு ஒரு வழக்கு

ரயில்வே குவார்ட்டர்ஸில் பாக்கியம் அக்கா, தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனின் மனைவி. அந்த வரிசை முழுவதற்கும் ரவிக்கை தைப்பவர். கையால் தைத்துத் தைத்து விரல் நுனி உளுந்து வடை மாதிரி சொரசொரத்திருந்தது. தையல் மெஷினைப் பார்த்ததும் கண் மலர்ந்தது. நான் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் துரையின் சிஷ்யனா?

சாதாரண ஊசிக்குக் காது பின்னால். மெஷின் ஊசிக்கு முனையில். அந்த ஓட்டையை யார் முதலில் போட்டது என்று அமெரிக்காவில் கண்டுபிடித்தவரும் கம்பெனிக்காரர்களும் கோர்ட்டில் வருஷக்கணக்காக மோதினார்கள். கடைசியில் எல்லோரும் கை குலுக்கி, உரிமையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். காப்புரிமைச் சட்டத்தின் மகிமையை நான் விளக்கி முடிப்பதற்குள் அக்கா நூல் கோத்து, மிதித்து, ஒரு முழத் துணியைத் தைத்து முடித்துவிட்டார். பல்லால் நூலைக் கடித்துத் துப்பிவிட்டுக் கேட்டார்:

"அத்தனை ஆம்பளைங்க அடிச்சுக்கிட்டாங்களே, அதுல ஒருத்தராச்சும் ஒரு ரவிக்கை தைச்சாரா?"

உடைத்தால் வளரும்

கிள்ளானில் மீரா சாகிபு மண்ணெண்ணெய் வியாபாரி. அவரிடம் மின்விளக்கு விற்கப் போனது என் வாழ்க்கையின் பெரிய முட்டாள்தனம். "என் கடைக்கே கொள்ளி வைக்க வந்தீங்களா?" என்று கேட்டார். நியாயம்தான். மின்சாரக் கம்பங்கள் அவர் தெருமுனை வரை வந்துவிட்டன. மனிதர் சில நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று கடையில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

ஆறுதலாக எண்ணெய் ராஜா கதையைச் சொன்னேன். அவரும் முதலில் மண்ணெண்ணெய்தான் விற்றார். மின்விளக்கு வந்ததும் அவர் தொலைந்தார் என்று ஊரே நினைத்தது. மோட்டார் வந்தது, பெட்ரோல் விற்று இன்னும் பெரிய ஆளானார். ஒரே ஆள் எல்லாவற்றையும் வளைத்துப் போடக்கூடாது என்று சர்க்கார் சட்டத்தைக் காட்டி அவர் கம்பெனியைத் துண்டு துண்டாக உடைத்தது. துண்டுகளெல்லாம் தனித்தனியாகக் கொழுத்தன, அவர் முன்னைவிடப் பணக்காரரானார். சாகிபு தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார். பெட்ரோலைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுக்கொண்டார். பிறகு முகம் தெளிந்தது.

"அந்தச் சட்டம் இங்க வந்தா முதல்ல எனக்குச் சொல்லுங்க தம்பி. நானே சுத்தியலோட நிக்கிறேன்."

முனியம்மாவும் கெடிகாரமும்

இது சிரிக்கச் சொல்லும் கதை இல்லை. கிள்ளானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டம். அங்கே சின்ன துரை, அதாவது உதவி மேனேஜர், புதிதாக வந்த இளைஞர். வேலையைக் கடிகாரம் வைத்து அளந்து, வீண் அசைவுகளை வெட்டினால் இரட்டிப்பு வேலை வாங்கலாம் என்று ஓர் அமெரிக்கப் பொறியாளர் கண்டுபிடித்திருப்பதை அவரிடம் சொன்னவன் நான். அதற்கான ஸ்டாப்வாட்ச் கடிகாரத்தை விற்றவனும் நான்.

விடிந்தும் விடியாத நேரத்தில் முனியம்மா என்ற பெண்ணின் பின்னால் நாங்கள் இருவரும் மரம் மரமாகப் போனோம். அவள் பால் வடியப் பட்டையைச் சீவுகிறாள், அவர் குறிக்கிறார், நான் மொழிபெயர்க்கிறேன். முந்தானையைச் செருகுவது வீண். மரத்தைச் சுற்றிப் பார்ப்பது வீண். கத்தியைத் துடைப்பது வீண். முடிவில், "இவளுக்கு ஒதுக்கிய நிரையில் இன்னும் ஐம்பது மரம் சேர்க்கலாம், சொல்" என்றார். சொன்னேன். இடுப்பில் ஒரு கையை ஊன்றி அவள் என்னைத்தான் பார்த்தாள், அவரை அல்ல. அந்தக் கடிகாரம் என் நெஞ்சுக்குள் ஓடுவதுபோல் இருந்தது.

அவள் தயங்கியதைப் பார்த்துச் சின்ன துரை கத்தியை வாங்கித் தாமே சீவிக் காட்டினார். வேகம் பிரமாதம். பட்டை கிழிந்து மரத்தின் வெள்ளை எலும்பு தெரிந்தது. அந்த நேரம் பார்த்துப் தோட்டத்து மேனேஜரான பெரிய துரை குதிரையில் வந்தார். மரத்தில் காயம் பட்டால் அன்றைய கூலி போகும், சில சமயம் வேலையும் போகும். அவர் பார்வை நேராக முனியம்மாவிடம் போனது. "யார் வெட்டியது?" சின்ன துரை தரையைப் பார்த்தார். என் வியாபாரம் போனாலும் போகட்டும் என்று, "சின்ன துரை சார்" என்றேன். அந்த உத்தியோகத்தில் ஜோடனை இல்லாமல் நான் பேசிய வாக்கியம் அது ஒன்றுதான்.

ஐம்பது மரம் பேச்சு அதோடு நின்றது. கடிகாரம் என்னிடமே திரும்பி வந்தது. புறப்படும்போது முனியம்மா மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் சொட்டும் பாலைக் காட்டினாள்.

"அந்தக் கெடிகாரத்தை மரத்துக்கிட்டயும் ஒருவாட்டி காட்டுங்க ஐயா. அதுதான் ரொம்ப மெதுவா வேலை செய்யுது."

கப்பலில் வராத சரக்கு

எங்கள் கம்பெனியின் ஃபிட்டர் பொன்னுசாமி, செந்தூலிலிருந்து சைக்கிளில் வருபவர். மோட்டார் என்ஜினைக் காது வைத்தே நோய் சொல்லிவிடுவார். சனிக்கிழமைக் கூட்டங்களில் வாய் திறந்ததில்லை.

ஒரு தடவை ஹார்லன் துரை மோட்டார் ராஜாவைப் பற்றி உருகினார். அவர் தொழிலாளிகளின் நாள் கூலியை ஒரே நாளில் இரட்டிப்பாக்கினார். வேலை நேரத்தை எட்டு மணியாகக் குறைத்தார். அவர்கள் செய்த காரை அவர்களே வாங்கினார்கள். பொன்னுசாமி எழுந்து நின்றார். அது இங்கே எப்போது நடக்கும் என்று கேட்டார். துரையின் கழுத்து சிவந்தது. அந்த நாட்டுச் சட்டம் வேறு, இந்த நாட்டு வெயில் வேறு, முதலில் உற்பத்தி பெருக வேண்டும் என்றெல்லாம் சொன்னார். பொன்னுசாமி மரியாதையாகக் கடைசிவரை கேட்டார்.

"காரு அங்கேருந்து கப்பல்ல வந்துச்சு, கண்ணாடிகூட உடையல. அந்தக் கூலி மட்டும் எந்தக் கடல்ல விழுந்துச்சு துரை?"

எல்லாரும் ஒரே வரிசை

பிறகு உலகம் முழுவதும் வியாபார மந்தம் வந்தது. அமெரிக்காவில் கார் விற்கவில்லை. கார் விற்காததால் டயர் வேண்டாம், டயர் வேண்டாததால் ரப்பர் வேண்டாம். தோட்டங்களில் ஆட்களைக் குறைத்தார்கள். ஒரு சனிக்கிழமை நாங்கள் வழக்கம்போல் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஹார்லன் துரை கையில் ஒரு தந்தி. இரண்டு தடவை படித்தார். கிளையை மூடுகிறார்கள், மேனேஜர் பதவியும் அதோடு சேர்த்தி. உழைத்தால் எவனும் ராஜாவாகலாம் என்று எங்களுக்கு அத்தனை வருஷம் சொன்ன மனிதர், அன்று முதல்முறையாகக் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார்.

துறைமுகத்தில் வழியனுப்ப நான் மட்டும் போனேன். அவருடைய கப்பல் தாமதம். சரக்குக் கொட்டகை ஓரத்தில், நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பப்படும் தோட்டத்து ஜனங்கள் தகரப் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். துரை தம் பெட்டிமேல் வெயிலில் அமர்ந்தார். சொல்ல அவரிடம் கதை எதுவும் மிச்சமில்லை. வரிசையிலிருந்த ஒருவர், "துரைக்கும் வேலை போச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் தம் மூட்டையை இழுத்து நிழலில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டார்.

"இங்க வந்து உக்காரச் சொல்லுங்க. ஊருக்குப் போறவங்களுக்குள்ள என்ன, எல்லாரும் ஒரே வரிசைதானே."

ஏழு வருஷம் அமெரிக்கக் கண்டுபிடிப்புகளைச் சுமந்து திரிந்ததில் எனக்கென்று மிஞ்சியது இடது தோளில் ஒரு வலி மட்டும்தான். அதை மட்டும் இதுவரை எந்த ராஜாவும் தம்முடையது என்று சொந்தம் கொண்டாடி வரவில்லை.