பக்கத்துக் கட்டில்காரர் பார்த்த சூடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில், புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் மருங்காபுரி விவசாயி. பீடிப் புகையில் மீசை மஞ்சளேறியிருந்தது. இருவருக்கும் ஒரே வியாதி. பீடி குடித்துக் குடித்துப் பாதத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிட்டது.

"இனி ஒரு பீடி குடிச்சாலும் காலை எடுக்க வேண்டியதுதான்" என்று டாக்டர் சொன்ன ராத்திரி நான் தூங்கவில்லை.

விடிந்ததும் அவர் வந்து என் பாதத்தைத் தொட்டார். வயதில் மூத்தவர். பதறி இழுத்துக்கொண்டேன்.

"ஐயோ, நீங்க போய் என் காலைத் தொடலாமா?"

"நம்ம காலை நாமளே தொட்டா, பயத்துல சில்லுன்னுதான் இருக்கும் தம்பி. நீங்க என்னுதைப் பாருங்க, நான் உங்களுதைப் பாக்கறேன்" என்றவர், அழுத்திப் பிடித்துப் பார்த்தார். "சூடா இருக்கு. இன்னைக்கும் பீடி வேணாம்."

தினமும் அப்படித்தான். ஜன்னல் வழியே பீடி வாசனை வந்து நான் கட்டிலை விட்டு எழுந்தால், "காலையில சூடா இருந்துச்சுல்ல, கெடுத்துக்காதீங்க" என்பார்.

ஒருநாள் கொதிக்கிற கஞ்சி டம்ளரை அவர் இரு கையாலும் பிடித்திருந்ததைப் பார்த்து நர்ஸ் அலறினார். "சுடலையா உங்களுக்கு?"

"விரல்ல உணர்ச்சி போயி ரொம்ப நாளாச்சும்மா."

அப்படியானால் இத்தனை நாளும் எந்தச் சூட்டைப் பார்த்தார்? நானே தொட்டுப் பார்க்கத் துணிவில்லை.

மறுநாள் விடிந்ததும் வழக்கம்போல வந்து நின்றார். எதுவும் கேட்காமல் போர்வையை விலக்கிப் பாதத்தை நீட்டினேன்.